ஆர்.வி. வெந்நீர்க் கலனின் இணைப்பில் நீர்க்கசிவு – ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

ஆர்.வி. என்பது கட்டில், அடுப்பு, கழிவறை ஆகியவற்றைச் சுமந்துகொண்டு நெடுஞ்சாலையில் ஓடும் வீடு. அமெரிக்காவில் இத்தொழிலின் தலைநகர் இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட்; இவ்வண்டிகளுக்கென்று அங்கே ஓர் அருங்காட்சியகமும் உண்டு. வண்டியின் வெந்நீர்க் கலன் பெரும்பாலும் 6 கேலனோ 10 கேலனோ கொள்ளும். அதன் முகம் வண்டியின் வெளிச்சுவரில், ஒரு தகரக் கதவுக்குப் பின்னால் இருக்கும். முதுகு உள்ளே, கட்டிலுக்கோ சாப்பாட்டு இருக்கைக்கோ அடியில் இருக்கும். முதுகில் இரண்டு துளைகள்: கீழ்த்துளை வழியே தண்ணீர் நுழைகிறது, மேல்துளை வழியே வெந்நீர் வெளியேறுகிறது. இவற்றுள் ஒன்றின் இணைப்பில் நீர் கசிவதே இவ்வாய்வின் பொருள். இரண்டிலும் கசிந்தால் அது ஒப்பாய்வு.

ஒரு சொட்டு கால் மில்லிலிட்டர் என்று கொண்டு, நொடிக்கு ஒரு சொட்டு வீதம் கணக்கிட்டால் நாளொன்றுக்கு 21.6 லிட்டர் ஆகிறது. 6 கேலன் கலனின் கொள்ளளவு 22.7 லிட்டர். ஆக, கண்டுகொள்ளாமல் விட்டால் ஒரு பகல் ஓர் இரவுக்குள் ஏறக்குறைய ஒரு கலன் நீர் தரைப்பலகையில் இறங்கிவிடும். ஒட்டுப்பலகை ஊறி உப்பும். கால் வைத்தால் அமுங்கும். ஆய்வின் இன்றியமையாமை இவ்வளவே. ஆய்வேடுகளில் இப்பகுதி முப்பது பக்கம் வருவது மரபு.

2. ஆய்வு எல்லை

கலனே ஓட்டையாகியிருந்தால் அது இவ்வாய்வின் எல்லைக்குள் வராது; புதுக் கலன் விற்கும் கடையின் எல்லைக்குள் வரும்.

3. ஆதாரங்கள்

முதன்மை ஆதாரங்கள் மூன்று. ‘அ’ பிரதி, தயாரிப்பாளரின் கையேடு. வண்டி விற்ற நாளில் அது இழுப்பறையில் இருந்ததாகச் செவிவழிச் செய்தி உண்டு; பிறகு கண்டவர் இல்லை. ‘ஆ’ பிரதி, வெளிக்கதவின் உட்புறம் ஒட்டிய எச்சரிக்கைச் சீட்டு. வெயிலில் வெளுத்தது, மேல் வலது மூலை கிழிந்தது. ‘இ’ பிரதி, கட்டிலின் அடிப்பலகையில் முந்தைய உரிமையாளர் மார்க்கர் பேனாவால் எழுதிய ஒற்றை வரி. அதன் முற்பகுதி ஈரத்தில் கரைந்துவிட்டது. எஞ்சியது ‘மேலும் இறுக்குக’ என்னும் கருத்துடைய பிற்பகுதி மட்டுமே.

கரைந்த பகுதியில் எதிர்மறை இருந்ததா இல்லையா என்பதில் இரு கட்சிகள் தோன்றின. இது விதி என்றவர்கள் இறுக்கினார்கள். பிளாஸ்டிக் எல்போ இணைப்பு விரிசல் விட்டது. விலக்கு என்றவர்கள் இறுக்காமல் விட்டார்கள், தரை நனைந்தது. இரு சாராரும் தத்தம் முடிவே மெய்ப்பிக்கப்பட்டதாகக் கருதுகின்றனர். எழுத்தை அழித்தது கலனிலிருந்து வந்த ஈரமே ஆதலால், எழுதியவரும் கசிவை நிறுத்தவில்லை என்பது ஒன்றே அகச்சான்றால் உறுதிப்படும் செய்தி.

4. வகைப்பாடு

கசிவு அகம், புறம் என இருவகைப்படும். கட்டிலுக்கடியில் நிகழ்வது அகக்கசிவு. வெளிக்கதவின் பக்கம் நிகழ்வது புறக்கசிவு. அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயர் சொல்லப்படாததைப் போலவே, அகக்கசிவிலும் அந்த இணைப்பை முதலில் இறுக்கியவரின் பெயர் எங்கும் பதிவாவதில்லை.

புறக்கசிவுக்கு இரு வாயில்கள். ஒன்று, அடியிலுள்ள வடிகால் அடைப்பு. எஃகுக் கலன் செய்யும் சபர்பன் வகையில் இவ்வடைப்போடு, துருவைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு கரையும் ஆனோடு கம்பியும் சேர்ந்திருக்கும்; அலுமினியக் கலன் கொண்ட ஆட்வுட் வகையில் வெறும் நைலான் அடைப்புதான். மற்றொன்று, அழுத்தம் 150 பி.எஸ்.ஐ. அல்லது வெப்பம் 210 டிகிரி ஃபாரன்ஹீட் ஆனால் தானே திறந்துகொள்ளும் பாதுகாப்பு வால்வு. நீர் சூடேறும்போது மட்டும் இவ்வால்வு கண்ணீர் விட்டால் அது பெரும்பாலும் பழுதல்ல. நீர் விரிவதற்கு இடம் தரும் காற்று, கலனின் மேற்பகுதியில் தீர்ந்துபோயிருக்கும். ஹீட்டரை அணைத்து, ஆறவிட்டு, நீர்வரத்தை மூடி, ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்து, வால்வின் நெம்புகோலைத் தூக்கி, வழிவது நிற்கும்வரை பிடித்திருந்தால் காற்று மீண்டும் குடியேறும்.

அகக்கசிவு நான்கு வகை.

உறைகசிவு: குளிர்காலத்துக்கு முன் நீரை வடிக்காததால் வருவது, நீர் பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு விரியும்.

அதிர்கசிவு: வண்டி ஓடுவதால் வருவது.

மரைக்கசிவு: கீழே விரிக்கப்படும்.

வாஷர் கசிவு: அறிஞர் கவனத்துக்கு இதுவரை வரவில்லை.

5. மரையியல்

அமெரிக்கக் குழாய் மரைக்கு அடிப்படை ராபர்ட் பிரிக்ஸ் வகுத்த அளவு. 1886இல் அது தர அளவாக ஏற்கப்பட்டது. கலனின் முதுகில் வரும் இணைப்பு அரை அங்குலம் எனப்படும். அதன் வெளிவிட்டம் 0.84 அங்குலம். அளவுகோலை எப்படி வைத்தாலும் அதில் அரை அங்குலம் தட்டுப்படாது. மரை நேராக ஓடாமல் 16க்கு 1 என்ற சரிவில் கூம்பும். அங்குலத்துக்கு 14 சுற்று. பள்ளத்தின் கோணம் 60 பாகை. பிரிட்டிஷ் அரை அங்குல மரைக்கும் அங்குலத்துக்கு 14 சுற்றுதான், ஆனால் கோணம் 55 பாகை. ஆகவே ஒன்றில் மற்றொன்று சில சுற்று இனிதே ஏறும், பிறகு ஒழுகும். எண்ணிக்கை ஒத்தது கண்டு உறவு முடிவுகட்டும் ஒப்பியலாளர்கள் இதை ஒருமுறை செய்து பார்க்கலாம்.

6. டேப் சுற்றும் மரபு

டெஃப்லான் 1938 ஏப்ரல் 6 அன்று டுபான்ட் நிறுவன ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் என்பவரிடம் தற்செயலாக அகப்பட்டது. அவர் தேடியது குளிர்பதன வாயு. கிடைத்ததைத் தேடியதாக எழுதிக்கொள்ளாதது அவருடைய பெருமை.

மரையின் மேல் டெஃப்லான் டேப்பை எத்தனை சுற்றுச் சுற்றுவது என்பதே இத்துறையின் மையச் சிக்கல். இருசுற்றார் தொன்மையானவர்கள், டேப்பின் விலையைக் கருதியவர்கள் என்றும் சொல்வதுண்டு. முச்சுற்றார் ‘ஆ’ பிரதியின் நான்காம் வரியைச் சான்று காட்டுவர். ஐஞ்சுற்றார் அவ்வரியை இடைச்செருகல் என்பர். கிழிந்துபோன மேல் வலது மூலையில்தான் ‘ஐந்து’ என்று இருந்தது என்பது அவர்கள் துணிபு. மூலை கிடைக்காததால் இதை மறுக்க வழியில்லை.

பின்வந்த ஏழ்சுற்றார், கிழிந்த விளிம்பில் எஞ்சிய மைத்துளி ஒன்றைப் பூதக்கண்ணாடியால் நோக்கி, அது ஏழு என்னும் எண்ணின் கால் என்றனர். அந்தக் காலின் வளைவு ‘இ’ பிரதியின் எழுத்தோடு ஒத்துப்போவதால் இரண்டையும் எழுதியது ஒரே கை என்றும், ஆகவே தயாரிப்பாளரும் முந்தைய உரிமையாளரும் ஒருவரே என்றும், ஆகவே கட்டிலுக்கு அடியிலுள்ளதே மூலம், கையேடு அதன் வழிநூல் என்றும் நிறுவினர். இதற்கு மறுப்பு வந்தது. மறுப்புக்கு மறுப்பும், இரண்டையும் தொகுத்த ஒரு பதிப்பும், அப்பதிப்புக்கு ஓர் அணிந்துரையும் வந்தன. அணிந்துரை வழங்கியவர் நூலைப் புரட்டிப் பார்க்கவில்லை என்பதற்கு அணிந்துரையே சான்று. மைத்துளி ஓர் ஈயின் எச்சம் என்று வண்டி கழுவுபவர் தெரிவித்த கருத்து, அவருக்குப் பட்டம் இல்லாமையால் அடிக்குறிப்பிலும் இடம்பெறவில்லை.

தொடக்கத்தில் வழுக்கிப்போகும் முதல் அரைச்சுற்றைக் கணக்கில் சேர்ப்பதா என்பது பற்றித் தனி இலக்கியமே உண்டு. அது கட்சிகளுக்குள் உட்கட்சிகளையும், உட்கட்சிகளுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்களையும் உருவாக்கியது.

திசையில் மட்டும் ஒற்றுமை உண்டு: குழாயின் வாயை நேர்நோக்கி வலஞ்சுழியாகச் சுற்ற வேண்டும், மாறிச் சுற்றினால் மரை ஏற ஏற டேப் உரிந்து வரும். முதல் மரையை வெறுமையாக விட வேண்டும். இல்லையேல் பிசிறு நீரோடு போகும். டேப் ஒட்டும் பொருளன்று. மரைப் பள்ளத்தின் இடைவெளியை நிரப்பி, இறுக்கும்போது வழுக்கலும் தரும். அதற்கு மூன்று சுற்றுப் போதும். பிளாஸ்டிக் இணைப்பில் ஏழு சுற்றிய டேப், ஆப்பாக நின்று அதைப் பிளக்கக்கூடும்.

இனி ஓர் உண்மை. நிப்பிள் என்னும் குட்டைக் குழாய் கலனுக்குள் ஏறும் இடத்துக்குத்தான் டேப் வேண்டும். அந்த நிப்பிளின் மறுமுனையில் பெக்ஸ் என்னும் பிளாஸ்டிக் குழாயைப் பிடித்திருப்பது பல வண்டிகளில் ஒரு சுழல் நட்டு. அதனுள் கூம்பு வடிவ ரப்பர் வாஷர். அங்கே நீரைத் தடுப்பது வாஷர். மரையின் வேலை அதை அழுத்திப் பிடிப்பது மட்டுமே. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வண்டியில் கசிந்தது அந்த நட்டு. நான்கு கட்சிகளும் டேப்புக்கு வேலையே இல்லாத இணைப்பைப் பற்றித்தான் வாதிட்டு வந்தன.

7. செயல்முறை

ஹீட்டரின் எரிவாயு, மின்சாரம் இரண்டையும் நிறுத்துக. பம்பையும் வெளி நீர்வரத்தையும் மூடுக. கலனை ஆறவிடுக. வெந்நீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை விடுக. பிறகு அக்குழாயை மூடுக.

இணைப்புகளைத் துணியால் துடைத்துக் காயவிட்டு, நீர்வரத்தைச் சற்றே திறந்து, காகிதக் கைக்குட்டையை மேலிருந்து கீழாக ஒவ்வொரு மூட்டிலும் ஒற்றுக. முதலில் நனையும் இடமே கசியும் இடம். நீர் குழாயைப் பற்றி வழிந்து வேறோரிடத்தில் சொட்டும். சொட்டும் இடத்தில் உட்கார்ந்து நூல் எழுதுவது எளிது. இடம் தெரிந்ததும் நீரை மறுபடி மூடிக் கலனை வடித்துவிடுக.

நட்டில் கசிந்தால் கழற்றி வாஷரைப் பார்க்க. வெடித்தோ தட்டையாகியோ இருந்தால் புதியது இடுக. கையால் இறுக்கி, அதன்பின் சிறிதளவே முடுக்குக. மரையில் கசிந்தால் இரண்டு ஸ்பானர் வேண்டும்: ஒன்று கழற்ற, மற்றொன்று எதிரே பிடிக்க. பிடிக்காவிட்டால் பக்கத்து இணைப்பும் சேர்ந்து திரும்பி, ஆய்வுப் பொருள் இரட்டிக்கும். பழைய டேப்பைப் பல்துலக்கியால் சுரண்டி எடுத்து, மூன்று சுற்றுச் சுற்றி, முதலில் கையாலேயே ஏற்றுக. கோணலாக ஏறுவது கைக்குத் தெரியும், ஸ்பானருக்குத் தெரியாது.

கலனை முழுதும் நிரப்பி, வெந்நீர்க் குழாயில் காற்று நின்று நீர் சீராக வந்த பிறகே ஹீட்டரைப் போடுக. வெறுங்கலனில் சூடேற்றும் மின்கம்பி கருகும். சூடேறிய பின் மறுபடியும் கைக்குட்டையால் ஒற்றிப் பார்க்க.

8. ஆய்வு முடிவுகள்

கசிவுக்குக் காரணம் தேய்ந்த வாஷர். மாற்றப்பட்டது, கசிவு நின்றது.

9. மேலாய்வுக்குரிய களங்கள்

முதல் அரைச்சுற்றின் தத்துவம். ‘ஆ’ பிரதியின் காணாமற்போன மூலை. வண்டி கழுவுபவரின் கருத்துகளைத் தொகுத்துப் பதிப்பித்தல். மூன்றாவதற்கு நிதி கிடைப்பது அரிது.