கம்பி அழிவின்மை விதி: ஓர் ஆய்வுரை

வாசலுக்குக் கேமரா வாங்குவோர் கடைக்காரரிடம் கேட்பவை இரண்டு. ஒன்று, எத்தனை மெகாபிக்சல். மற்றொன்று, வயர் இல்லாமல் வருமா. முன்னதை இவ்வாய்வு பொருட்படுத்தாது. பின்னதற்கு மட்டும் விடை கூறும். வராது. ஒரு கேமராவுக்கு உரிய கம்பியை ஓரிடத்தில் ஒழித்தால் வேறோரிடத்தில் முளைக்கும். இதைக் கம்பி அழிவின்மை விதி என்க. ஆகவே வாங்குபவர் தீர்மானிக்க வேண்டியது கம்பி வேண்டுமா என்பதன்று, எங்கே வேண்டும் என்பது.

வைஃபை கேமராவின் அட்டைப்பெட்டிப் படத்தில் கம்பி இராது. பெட்டியைத் திறந்தால் அடாப்டரும் வெள்ளை வயரும் சுருண்டு கிடக்கும். வாசல் நிலைக்கு மேலே பிளக் பாயிண்ட் வைத்துக் கட்டிய வீடு அரிது. எனவே வயர் ஜன்னல் வழியே உள்ளே புகுந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தேடும். அன்றுமுதல் அந்த ஜன்னல் முழுதாகச் சாத்தாது. திருடனுக்கு வைத்த கேமரா கொசுவுக்கு வழிவிடும். படத்தை மட்டும் காற்றில் அனுப்புகிறதே எனின், ஒக்கும். ஆயின் வீட்டுக் கேமராக்களுள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறியும். ஒன்றோடொன்று மோதாமல் அங்கே இருப்பவை 1, 6, 11 என மூன்றே சேனல்கள். அவற்றில்தான் அடுக்ககம் முழுவதும் குடியிருக்கிறது. நடுவில் இரண்டு கான்கிரீட் சுவர் வந்தால் படம் நின்று நின்று நகரும்.

பழைய டிவிஆர் முறை இவ்வகையில் நேர்மையானது. 3+1 கேபிள் என்று கடையில் கேட்டால், மின்சாரத்துக்கும் படத்துக்கும் தனித்தனிக் கம்பிகளை ஒரே உறைக்குள் வைத்துத் தருவர். 2003-இல் வகுக்கப்பட்ட பிஓஇ முறை இன்னும் மேலானது: நெட்வொர்க் கேபிள் ஒன்றே 100 மீட்டர் வரை படத்தையும் மின்சாரத்தையும் சுமக்கும். கேபிள்கள் வந்து சேரும் ஸ்விட்சுக்கும் படத்தைப் பதியும் என்விஆருக்கும் ஒரு யூபிஎஸ் கொடுத்தால் கரண்ட் போனாலும் எல்லாக் கேமராவும் விழித்திருக்கும்.

சிம் கார்டு கேமரா உண்டே என்பாரும் உளர். இரண்டு மெகாபிக்சல் படத்துக்கு விநாடிக்கு 4 மெகாபிட் என்று கொண்டால், நாளுக்கு 1.5 ஜிபி தரும் பேக் இடைவிடாத நேரலைக்கு 50 நிமிடமே தாங்கும். நள்ளிரவு 12 மணிக்குப் புதுப்பித்த டேட்டா 12.50-க்குத் தீரும், திருடர் அதற்கு மேல்தான் பணிக்கு வருவர். பேட்டரி கேமராவோ, ஆள் நடமாட்டம் கண்டால் மட்டும் கண் விழிப்பது. அதன் கம்பி ஒழியவில்லை, சார்ஜராகி ஏணியோடு அவ்வப்போது வரும். சோலார் தகடு வைத்தால், தகட்டிலிருந்து கேமராவுக்கு ஒரு வயர். விதி பிழைக்கிறது.

திருடன் கம்பியை வெட்டிவிட்டால்? வெட்டட்டும். அவன் கத்தரியோடு நெருங்கிய முகம் வரை உள்ளறை என்விஆரில் பதிந்திருக்கும். எஸ்டி கார்டை மட்டும் நம்பிய வைஃபை கேமராவைக் கழற்றினால் சாட்சியும் அவன் பையோடு போகும். வைஃபையை அடைக்கும் கருவி உள்ளவனுக்கு ஏணிகூட வேண்டாம்.

வாடகைக்கு இருப்போர் என்செய்வர் எனின், சுவரில் துளை போட ஓனரைச் சம்மதிக்க வைக்கும் முறை இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அவர்கள் வைஃபையே வாங்கலாம்; ஜன்னலுக்குக் கொசுவலை தனிச் செலவு.