மீனுக்குக் காலிங்பெல்

இணையத்தில் விசித்திரமான சமாச்சாரம் ஒன்று அகப்பட்டால் பாதி சந்தோஷம்தான். மீதிப் பாதி அதை யாரிடமாவது சொல்வதில் இருக்கிறது. முதல் பாதிக்கு ஒரு கைபேசியும் தூக்கம் வராத ராத்திரியும் போதும். இரண்டாவதற்கு ஆள் வேண்டும். ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுட்டி அனுப்பினால் ஒரு கட்டைவிரல், இரண்டு கூப்பிய கைகள், அதோடு சரி. யாரும் திறந்து பார்ப்பதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நீல எழுத்தில் வரும் எதையும் தொடாதீர்கள், பேங்க்கில் இருக்கிற பணம் போய்விடும் என்று அவர்களை மிரட்டி வைத்திருப்பவனே நான்தான்.

அதனால் வாய்வழிக்கு மாறினேன். சாப்பாட்டு நேரம்தான் தோது. இலையைப் போட்டுவிட்டால் யாரும் எழுந்து ஓட முடியாது. ஒரே ஒரு நிபந்தனை: “நெட்ல பாத்தேன்” என்று ஆரம்பிக்கக் கூடாது. “ஒரு ஊர்ல” என்று ஆரம்பிக்க வேண்டும்.

அப்படித்தான் ஒருநாள் மீன் கதையை எடுத்தேன். நெதர்லாந்தில் யூட்ரெக்ட் என்று ஒரு ஊர். ஊருக்குள் கால்வாய், கால்வாயில் படகுகள் கடந்துபோக ஒரு பழைய மதகு. வசந்த காலத்தில் மீன்கள் முட்டையிட ஆழமில்லாத தண்ணீரைத் தேடிக் கிளம்பும். அந்தச் சமயம் படகுப் போக்குவரத்து குறைவு என்பதால் மதகு பெரும்பாலும் மூடியே கிடக்கும். மீன்கள் கதவுக்கு வெளியே கூட்டமாக நின்று காத்திருக்க, நீர்ப்பறவைகளுக்கு உட்கார்ந்த இடத்தில் விருந்து. இதற்கு 2021-இல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தண்ணீருக்கடியில் ஒரு கேமரா. அது காட்டுவதை உலகத்தில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம். மீன் கண்ணில் பட்டால் திரையில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். உடனே அந்தப் படம் மதகு பக்கம் போய்ச் சேரும். போதுமான மீன் சேர்ந்துவிட்டது என்று தெரிந்தால் கதவைத் திறந்துவிடுவார்கள். மீனுக்குக் கை இல்லையே, அதனால் அதன் சார்பில் நாம் காலிங்பெல் அடிக்கிறோம்.

நான் எதிர்பார்த்தது வியப்பு. அம்மா கேட்டது, “என்ன மீனு?”

அம்மா தூத்துக்குடிக்காரி. மீன் என்று ஒருவர் சொன்னால் பேர் சொல்லவேண்டும். சும்மா ‘மீன்’ என்பது அவளுக்கு ஒரு தகவலே இல்லை. போனைக் கொடுத்தேன். பச்சைக் கலங்கல். பாசி மிதந்தது. ரொம்ப நேரம் வேறெதுவும் வரவில்லை. நானாக இருந்தால் வேறு பக்கம் தாவியிருப்பேன். அம்மா கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் தட்டையாக ஒன்று, வாயைத் திறந்து திறந்து மூடியபடி கேமராவுக்கு முன்னால் வந்து நின்றது. “கெண்டை சாதி. குழம்புக்கு ஆகாது, முள்ளு ஜாஸ்தி” என்றாள். பிறகு பொத்தானை அழுத்தினாள். நான் தேடிப் பார்த்தேன். அது பிரீம் என்கிற மீன்; கெண்டைக் குடும்பம்தான்; முள்ளுக்குப் பேர்போனது. ஐரோப்பா பக்கமே போகாதவள், கலங்கல் தண்ணீரில், ஐந்து அங்குலத் திரையில் கண்டுபிடித்திருக்கிறாள்.

இப்போது மார்ச், ஏப்ரல் வந்தால் விடிகாலை ஐந்து மணிக்குக் காபி டம்ளரோடு உட்கார்ந்துவிடுகிறாள். நமக்கு ஐந்து மணி என்றால் யூட்ரெக்டில் நடுராத்திரி தாண்டிய நேரம். அந்த ஊர்க்காரர்கள் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, மீன்களுக்குக் காவல் எங்கள் அம்மா. “பாவம், சூலியா நிக்குது. கதவைத் தொறந்து விடுங்களேண்டா” என்று முனகிக்கொண்டே அழுத்துவாள். சில சமயம் விலாங்கு வந்தால் மட்டும் ஒரு பெருமூச்சு. அதை என்ன செய்ய நினைத்தாள் என்று நான் கேட்பதில்லை.

அடுத்தது சித்தப்பா. நெடுஞ்சாலைத் துறையில் இருந்து ஓய்வுபெற்றவர். அவருக்கென்றே ஒரு கதை வைத்திருந்தேன். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்தில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகம். 1927-இல் தாமஸ் பார்னெல் என்ற பேராசிரியர், கெட்டித் தாரைக் காய்ச்சி ஒரு கண்ணாடிப் புனலில் ஊற்றினார். சுத்தியலால் அடித்தால் கண்ணாடிபோல நொறுங்குகிற அந்தத் தார் உண்மையில் திரவம்தான், காத்திருந்தால் ஒழுகும் என்று மாணவர்களுக்குக் காட்ட ஆசை. அது செட்டாவதற்கே மூன்று வருஷம். 1930-இல் புனலின் அடியை வெட்டிவிட்டார். முதல் சொட்டு விழுந்தது 1938-இல்.

“தாரா, பிட்டுமனா?” என்றார் சித்தப்பா.

தார் என்றேன்.

“கிரேடு என்ன? அறுபது-எழுபதா, எண்பது-நூறா?”

பேராசிரியர் அதைச் சொல்லவில்லை என்று மழுப்பிவிட்டு மேலே போனேன். இந்தக் கதையின் உயிரே பின்பாதியில்தான் இருக்கிறது. 1961-இல் ஜான் மெயின்ஸ்டோன் என்பவர் இதற்குப் பொறுப்பேற்றார். அதுவரை எந்தச் சொட்டு விழுவதையும் எவரும் கண்ணால் பார்த்ததில்லை. பார்த்தே தீர்வது என்று இருந்தார். 1979-இல் வார விடுமுறையில் விழுந்துவிட்டது. 1988-இல் பிரிஸ்பேன் எக்ஸ்போவில் காட்சிக்கு வைத்திருந்தார்கள். மனிதர் குடிக்க ஏதோ வாங்கச் சில நிமிஷம் வெளியே போனார், அதற்குள் சொட்டு விழுந்துவிட்டது. இனி மனிதக் கண்ணை நம்பிப் பயனில்லை என்று கேமரா வைத்தார்கள். 2000-இல் எட்டாவது சொட்டு விழுந்தபோது கேமரா மக்கர் பண்ணியது. 2005-இல் இதற்கு இக் நோபல் பரிசு கொடுத்தார்கள். முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கிற ஆராய்ச்சிகளுக்கான பரிசு அது. 2013-இல் மெயின்ஸ்டோன் காலமானார். ஒன்பதாவது சொட்டு விழுந்தது 2014 ஏப்ரலில். ஐம்பது வருஷத்துக்கு மேல் காவல் காத்தவர் ஒரு சொட்டையும் பார்க்கவில்லை.

என் மனைவி குறுக்கிட்டாள். “எங்க தெருவில போட்ட தார் ஒரே மழையில கிளம்பிப் போயிடுச்சே சித்தப்பா?”

சித்தப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “அது காண்ட்ராக்டர் சமாச்சாரம்மா. தார்மேல பழி போடாதே.” கொஞ்ச நேரம் மோரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அந்த மெயின்ஸ்டோன் பென்ஷன் வாங்கினாரா?” என்று கேட்டார். சாலைப் பணிக்காகவே வாழ்ந்து, போட்ட சாலை எதுவும் நிற்பதைப் பார்க்காதவருக்கு ஒரு பங்காளி கிடைத்துவிட்டார் என்று நினைக்கிறேன். பத்தாவது சொட்டை நேரலையில் பார்க்கலாம் என்று வாய்தவறிச் சொல்லிவைத்தேன். இப்போது தாமரைப்பூ வணக்கத்துக்குப் பதிலாகக் குழுவில் தினமும் அவரிடமிருந்து ஒரு அறிக்கை வருகிறது: “இன்றும் விழவில்லை. நிலைமை கட்டுக்குள் உள்ளது.”

மனைவியிடம் கதை சொல்வது வேறு ரகம். அவள் ஒரே கேள்வி கேட்பாள், கதை படுத்துவிடும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கணினி ஆய்வகத்தில் டிரோஜன் ரூம் என்று ஓர் அறை, அதன் வெளியே ஒரு காபி இயந்திரம். வேறு மாடிகளில் இருந்தவர்கள் படியேறி வந்து பார்த்தால் ஜாடி காலியாக இருக்கும். வெறுத்துப்போய் 1991-இல் ஜாடியைப் பார்த்தபடி ஒரு கேமராவை வைத்து, இருந்த இடத்திலிருந்தே காபி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்கள். 1993-இல் அந்தப் படம் இணையத்துக்கு வந்தது. உலகத்தின் முதல் வெப்கேமரா இதுதான் என்பார்கள். காபி இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள, அந்தக் காபியைக் குடிக்கவே முடியாத லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள். 2001-இல் கேமராவை அணைத்து, ஜாடியை ஏலத்தில் விட்டபோது ஜெர்மனியின் ஸ்பீகல் பத்திரிகை அதை 3,350 பவுண்டுக்கு எடுத்தது.

“அந்த ஜாடிய யார் கழுவினது?” என்றாள் மனைவி.

எட்டு வருஷம் உலகமே வைத்த கண் வாங்காமல் பார்த்திருக்கிறது. இது மட்டும் எங்கேயும் பதிவாகவில்லை. நான் எழுந்துபோய் என் டம்ளரைக் கழுவி வைத்தேன்.

மரக் கதை அவளுக்குப் பிடித்தது. மெல்போர்ன் மாநகராட்சி தன் மரங்களுக்கு ஆளுக்கொரு மின்னஞ்சல் முகவரி கொடுத்தது, கிளை முறிந்தால் மக்கள் புகார் சொல்ல வசதியாக. மக்கள் புகார் எழுதாமல் காதல் கடிதம் எழுதினார்கள். சில மரங்கள் பதிலும் போட்டன. “மரம் பதில் போடுதா?” என்று மூன்று தரம் கேட்டாள். தெருவிளக்குக்காக அவள் எழுதிய மனு ஓர் அலுவலகத்தில் உறங்குகிறது. இனி நேராகக் கம்பத்துக்கே எழுதப்போகிறாளாம்.

அத்தைக்கு ஆட்டுக் கதை. ஸ்வீடனில் யெவ்லே என்கிற ஊரில் கிறிஸ்துமஸுக்கு முன்னால் நாற்பதடிக்கு மேல் உயரமாக வைக்கோலில் ஓர் ஆடு கட்டி நிறுத்துவார்கள். 1966-இல் ஆரம்பித்த வழக்கம். அந்த முதல் ஆட்டையே புத்தாண்டு பிறக்கும் நேரத்தில் யாரோ கொளுத்திவிட்டார்கள். கொளுத்துவது குற்றம். வேலி போட்டார்கள், காவல் போட்டார்கள், தீப்பிடிக்காத மருந்து பூசினார்கள். அப்படியும் பாதிக்கு மேற்பட்ட ஆடுகள் தப்பவில்லை. 2001-இல் கொளுத்திய அமெரிக்கப் பயணி ஒருவர், இது உள்ளூர்ச் சம்பிரதாயம், சட்டப்படி சரி என்று நம்பிச் செய்ததாகச் சொல்லி ஜெயிலுக்குப் போனார். 2005-இல் சான்டா கிளாஸ் வேஷத்தில் வந்து எரியும் அம்பை விட்டார்கள்.

“போகிக்கு எரிக்கிறதுக்குன்னே கட்டிட்டு, அப்புறம் எதுக்குடா போலீஸு?” என்றாள் அத்தை. நியாயமான கேள்வி. ஸ்வீடன் சர்க்காருக்கு இது தோன்றியிருக்காது.

2023-இல் என்ன ஆயிற்று தெரியுமா என்றேன். அந்த வருஷம் வைக்கோலில் தானியமணி நிறைய ஒட்டிக்கொண்டிருக்க, காக்கை இனத்துப் பறவைகள் கூட்டமாக வந்து ஆட்டைக் கொத்திக் கொத்தி உருவமே தெரியாமல் ஆக்கிவிட்டன. அத்தை கையெடுத்துக் கும்பிட்டாள். “அமாவாசைக்கு வச்சிருக்காங்கன்னு நெனச்சிருக்கும்.”

இந்த டிசம்பருக்கு எங்கள் வீட்டில் பந்தயம் கட்டியிருக்கிறோம். அரை கிலோ திருநெல்வேலி அல்வா. ஆடு எரியும் என்று மனைவி. அரசாங்கச் சொத்து, ஒன்றும் ஆகாது என்று சித்தப்பா. காக்காய்தான் என்று அத்தை. அம்மா எதிலும் சேரவில்லை. அந்த ஊர்க் கடலில் என்ன மீன் கிடைக்கும் என்று மட்டும் பார்த்துச் சொல்லச் சொன்னாள்.