சம்பளம் இல்லாத நாட்டாமைகள்

கேள்வி: இணையத்தில் முகம் தெரியாதவர் சொல்லும் தீர்வை எப்படி நம்புவது? அங்கே நாட்டாமை செய்பவர்களுக்கு என்ன லாபம்?
(வாசகர், கோவில்பட்டி)

பதில்: லாபமா? காலணா கிடையாது! புரோகிராமர்கள் சந்தேகம் கேட்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவையே பாருங்கள். 2008-இல் தொடங்கியது. நல்ல பதிலுக்குப் புள்ளிகள், 2,000 சேர்ந்தால் அடுத்தவர் எழுதியதை யார் அனுமதியும் இல்லாமல் திருத்தலாம் (மாமியார் பதவி!). அதற்கும் மேலே, தேர்தலில் ஜெயித்த மட்டுறுத்துநர்கள். 2023-இல், ஏ.ஐ. எழுதியதாகச் சந்தேகப்படும் பதில்களை இஷ்டத்துக்கு நீக்கக் கூடாதென்று நிர்வாகம் இவர்கள் கையைக் கட்டிப்போட்டது. உடனே பலர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சம்பளமே வாங்காதவர்கள் வேலைநிறுத்தம்! ஆகஸ்டில்தான் பேசித் தீர்த்தார்கள். நீங்கள் ஆளை நம்ப வேண்டாம். பதிலுக்குக் கீழே மற்றவர்கள் போட்டிருக்கும் சண்டையையும் படித்துவிட்டு முடிவெடுங்கள்.