மீட்புக்கு யார் காசு?

கேள்வி: மலையேறப் போய் மாட்டிக்கொள்பவரிடமே மீட்புச் செலவை வசூலித்தால் என்ன?

பதில்: காலை உடைத்துக்கொண்டவர் முதலில் பர்ஸைத் தடவுவார், அப்புறம்தான் போனை எடுப்பார். அதற்குள் இருட்டிவிடும்; தேடப் போகிறவர் உயிருக்கும் ஆபத்து. சுவிட்சர்லாந்தில் 1952-இல் தொடங்கிய ‘ரேகா’ ஹெலிகாப்டர் மீட்பு அமைப்பு, லட்சக்கணக்கான மக்கள் ஆண்டுதோறும் தரும் நன்கொடையில்தான் பெரும்பாலும் பறக்கிறது. விபத்துக்கு முன்பே, எல்லோருமாகப் போட்டுவைக்கும் பணம்! 2018 மார்ச்சில் நம் குரங்கணிக் காட்டுத்தீயில், மலையேறப் போன 23 பேரைப் பறிகொடுத்தோம். அன்று ஹெலிகாப்டர் வருமுன்பே உதவிக்கு ஓடியவர்கள் மலைக்கிராமத்து மக்கள். வழி தெரிந்தவர்கள் அவர்கள்தான். மலையேற்றக் கட்டணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி அவர்களுக்குப் பயிற்சி, கயிறு, ஸ்ட்ரெச்சர், வயர்லெஸ், காப்பீடு எல்லாம் கொடுக்க வேண்டும்; சம்பளமும்தான். வெறும் பாராட்டுப் பத்திரம் போதாது.