தெளிக்காத பாத்தி

கோவையில் வேளாண்மை படித்தபோது என் ஆய்வுக்குத் தக்காளிப் பாத்திகளைக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றும் 20 சதுர மீட்டர். நட்ட மூன்றாம் நாள் பெண்டிமெத்தலின் என்ற களைக்கொல்லியைத் தெளிக்க வேண்டும். ஹெக்டேருக்கு 3.3 லிட்டர் என்றால் என் பாத்திக்கு 6.6 மில்லி, கலக்க 1 லிட்டர் தண்ணீர். அந்த 6.6 மில்லியை அளக்கும்போது கை நடுங்கும். மண்ணில் ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, தெளித்த இடத்தை மிதிக்காமல் பின்னோக்கி நடப்பேன்.

மருந்தே படாத பாத்திகளும் இருந்தன. சிலவற்றில் களையை வளர விட்டோம். சிலவற்றில் அக்காமார் களைக்கொத்தோடு உட்கார்ந்து சுத்தமாக எடுத்தார்கள். 30ஆம் நாள் அரை மீட்டர் சதுரச் சட்டத்தைப் போட்டு, உள்ளே இருந்த களைகளை எண்ணினோம். மருந்து அடித்த இடத்தில் சாரணையும் பருப்புக்கீரையும் குறைந்திருந்தன. கோரை அசையவில்லை. “இது கெழங்குல இருந்து வருது கண்ணு, தோண்டித்தான் எடுக்கோணும்” என்றார் ஓர் அக்கா. முதலில் மருந்து, 30ஆம் நாள் ஒரு கைக்களை: தக்காளிக்கு இன்றும் சொல்லப்படும் பரிந்துரை இதுதான்.

இப்போது எங்கள் தோட்டத்தைத் தம்பி மகன் பார்க்கிறான். களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை. அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவன் அளவு, டேங்குக்கு ஒரு மூடி. போன வருஷம் மக்காச்சோளத்துக்கு 2,4-டி களைக்கொல்லி அடித்த டேங்கைச் சரியாகக் கழுவாமல், அதிலேயே தக்காளிக்குப் பூச்சிமருந்து அடித்துவிட்டான். கொழுந்து முறுக்கிக்கொண்டது, இலை நாராய்ச் சுருங்கியது. வைரஸ் என்று நினைத்து இன்னொரு மருந்தும் வாங்கி வந்தான்.

காட்டைச் சுற்றி நடந்து பார்த்தேன். மருந்து தீர்ந்துபோய் விட்டுப்போன இரண்டு பார் மட்டும் கடைசியில் பச்சையாக நின்றன. அதைக் கண்டதும் காரணம் புரிந்தது. அன்று நாங்கள் வேண்டுமென்றே விட்ட பாத்தி சொன்ன உண்மையை, இன்று தற்செயலாக விட்டுப்போன பார் சொன்னது.

களைக்கொல்லிக்கென்று தனித் தெளிப்பான் வைத்துக்கொள்ளுங்கள். மூடியால் அளக்காதீர்கள். புது மருந்து எதுவானாலும் முதலில் ஒரு பாத்தியில் அடித்துப் பாருங்கள். பக்கத்திலேயே ஒரு பாத்தியைத் தெளிக்காமல் விடுங்கள்.