மூணு லட்சத்துக்குப் போன ஊர்

பெங்களூருக்கு வரும் சொந்தக்காரர்களுக்கு ஊர் காட்டுவதற்கென்று நிரந்தரமான ஒரு பட்டியல் இருக்கிறது. லால்பாக், விதான சௌதா (கேட்டுக்கு வெளியே நின்று), கப்பன் பார்க், எம்டிஆர் வாசலில் வரிசை, கடைசியாக கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் பேரம். இதில் ஸ்ரீராம்புரம் கிடையாது. ஆட்டோக்காரரிடம் ஸ்ரீராம்புரம் என்றால் ஒரு தடவை திரும்பி நம் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் மீட்டரைத் தொடுவார். அல்லது மீட்டரைத் தொடாமலிருக்க அதையே காரணமாக்குவார். கன்னட சினிமாவுக்கும் பேப்பரின் க்ரைம் பக்கத்துக்கும் பல காலம் படியளந்த பேட்டை நம்முடையது. அந்தப் பெயர் சும்மா போகுமா?

ஆனால் வரலாறு பார்க்கத்தான் வந்தீர்கள் என்றால், இந்த ஊரின் ஐந்நூறு வருட வம்பு வழக்கில் பாதி நம்ம பேட்டையைச் சுற்றித்தான் கிடக்கிறது. செருப்பு மட்டும் கொஞ்சம் நல்லதாகப் போட்டுக்கொள்ளுங்கள். நடைபாதையை நம்பி வரவேண்டாம்.

1537-இல் கெம்பே கௌடா மண்கோட்டை கட்டினார். தொட்டபேட்டையும் சிக்கபேட்டையும் சந்திக்கும் இடத்திலிருந்து நான்கு திசைக்கும் ஏர் பூட்டி மாடுகளை விரட்டினாராம். உழுத கோடெல்லாம் தெருவானதாம். அந்த மாடுகளுக்குப் பிறகு இந்த ஊரில் அவ்வளவு தெளிவாக யாரும் திட்டம் போட்டதாகத் தெரியவில்லை. மேலிடத்து அனுமதியில்லாமல் சொந்தமாக நாணயம் அடித்தார் என்று விஜயநகரத்தார் அவரை ஐந்து வருடம் உள்ளே வைத்தார்கள் என்பது கதை. பெங்களூரின் முதல் ஸ்டார்ட்-அப்புக்கு வந்த முதல் நோட்டீஸ் அதுதான். அவருடைய முன்னோர் காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் என்றும் ஒரு குடும்பக் கதை உண்டு. இதை நான் எங்கேயும் உரக்கச் சொல்வதில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

அடுத்த நூறு வருடத்தில் ஊர் கைமாறியது. 1638-இல் பீஜப்பூர் தளபதி ரணதுல்லா கான் வந்து பிடித்தார். ஷாஜி போன்ஸ்லேவுக்கு ஜாகீராகக் கொடுத்தார்கள். சத்ரபதி சிவாஜியின் அப்பா இங்கே குடியிருந்த கதை அப்படி. ஷாஜியின் இன்னொரு பிள்ளை ஏகோஜி, தஞ்சாவூர்ப் பக்கம் போய் அங்கேயே ராஜாவாகிவிட்டார். காவிரி டெல்டாவில் மூணு போகம் பார்த்த மனுஷனுக்கு மேட்டு நிலத்துக் கேழ்வரகு எப்படி ருசிக்கும்? பெங்களூரை விற்றுவிடுவது என்று முடிவு செய்தார். மைசூர் சிக்கதேவராஜ உடையாரோடு பேச்சு. விலை மூன்று லட்சம் ரூபாய்.

பத்திரம் முடிவதற்குள் 1687-இல் ஔரங்கசீப்பின் தளபதி காசிம் கான் புகுந்து ஊரைப் பிடித்துவிட்டார். பிடித்தவர் வைத்துக்கொண்டாரா என்றால் அதுவும் இல்லை. அதே உடையாருக்கு, அதே மூன்று லட்சத்துக்குத் தள்ளிவிட்டார். ஓனர் தஞ்சாவூரில், பார்ட்டி மைசூரில், பணம் வாங்கியது நடுவில் வந்த ஆள். பெங்களூரில் சைட் வாங்கிய யாரிடம் வேண்டுமானாலும் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள், ஆச்சரியப்பட மாட்டார்கள்.

ஏகோஜியை வெறும் வியாபாரி என்றும் சொல்லிவிட முடியாது. நம்ம பேட்டையிலிருந்து ரயில் தண்டவாளத்தைத் தாண்டினால் மல்லேஸ்வரம். அங்கே காடு மல்லேஸ்வரர் கோயில். அந்தச் சாமிக்கு ஒரு கிராமத்தையே எழுதிவைத்த அவருடைய 1669-ஆம் வருடக் கல்வெட்டு இருக்கிறது. ஊர் கைவிட்டுப் போவதற்குப் பதினெட்டு வருடம் முன்பே சாமி பங்கைத் தனியாகப் பிரித்துவிட்டார். தஞ்சாவூருக்குத் தகுந்த ஆள்தான்.

ஹைதர் அலி, திப்பு, 1791-இல் கோட்டையை உடைத்த கார்ன்வாலிஸ் எல்லாம் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது, விட்டுவிடுவோம். 1809-இல் வெள்ளைக்காரன் கன்டோன்மென்ட் போட்டான். துப்பாக்கியை அவன் தூக்கினான். மீதி எல்லாவற்றையும் தூக்க மெட்ராஸ் மாகாணத்திலிருந்து ஆள் வந்தது. சிப்பாய், சமையல்காரர், கான்ட்ராக்டர், வண்ணார், கசாப்புக்காரர் என்று அல்சூர் பக்கம் ஒரு முழுத் தமிழ்நாடு இறங்கியது. அவர்களுக்கும் முந்தியவர்கள் திகளர்கள், தோட்டக்காரர்கள். ஊரின் பெரிய திருவிழாவான கரகமே அவர்களுடையதுதான். சைத்ர மாதப் பௌர்ணமி ராத்திரியில் ஆண் ஒருவர் புடவை கட்டி, தலையில் கரகம் சுமந்து, கத்தி பிடித்த வீரகுமாரர்கள் புடைசூழ தர்மராயர் கோயிலிலிருந்து கிளம்புவார். வழியில் மஸ்தான் சாகிப் தர்காவுக்குள் போய் வணங்கிவிட்டுத்தான் திரும்புவார். டூரிஸ்ட் பட்டியலில் இல்லாவிட்டாலும் இதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். தூக்கத்தை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

மேலிடத்திலும் நம்மாட்கள் குறைவில்லை. சேஷாத்ரி ஐயர் 1883 முதல் 1901 வரை மைசூர் திவான். 'மெட்ராஸ்காரர்கள் வந்து உத்தியோகத்தையெல்லாம் பிடித்துக்கொண்டார்கள்' என்று மைசூர்க்காரர்கள் அப்போதே முணுமுணுத்தார்கள். இன்று கேட்கும் முணுமுணுப்பு எதுவும் புதுசில்லை, ஆள்தான் மாறியிருக்கிறது. அவர் ஆரம்பித்த சிவசமுத்திரம் மின்சாரம் 1902-இல் முதலில் கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போனது. பெங்களூர்த் தெருவிளக்குக்கு வந்தது 1905-இல்தான். கரன்ட் தாமதமாக வரும் மரபு அன்றே தொடங்கியாயிற்று.

1898-இல் பிளேக். கெம்பே கௌடாவின் பழைய பேட்டைக்குள் எலி செத்து விழ, ஊரைக் காலி செய்து காற்றோட்டமாக மல்லேஸ்வரம், பசவனகுடி என்று லேஅவுட் போட்டார்கள். மல்லேஸ்வரத்துக்கு நேர் நேராக கிராஸ், மரம், மாவிலைத் தோரணம். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் இருந்த நமக்கு மில் சங்கு. பின்னி மில், ராஜா மில், மினர்வா மில். ஷிப்டுக்கு ஓடிய கூட்டத்தில் தமிழ் பேசியவர்கள் ஏராளம். ஸ்ரீராம்புரத்தின் சந்துகள் அந்த மில் கூலியில் எழுந்தவை. வாஸ்து பார்த்து எழும்பவில்லை, வாடகை பார்த்து எழும்பின.

மில்கள் என்னவாயின என்று கேட்பீர்கள். ராஜா மில் இருந்த இடத்தில் இப்போது மந்திரி மால். ராஜா போனால் மந்திரி வருவதுதானே முறை? மினர்வா மில் கதை வேறு. நொடித்துப்போனதென்று சர்க்கார் எடுத்துக்கொள்ள, முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1980-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, அரசியல் சாசனத்தைத் திருத்தும் அதிகாரத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்று நாடாளுமன்றத்தின் கையைப் பிடித்து நிறுத்தியது. இந்தியாவில் சட்டம் படிக்கும் பிள்ளை ஒவ்வொன்றும் மினர்வா மில் என்று மனப்பாடம் செய்கிறது. அந்த மில்லுக்கு நடந்தே வேலைக்குப் போன ஜனம் நாங்கள். எங்களைத்தான் ரவுடி ஏரியா என்கிறார்கள்.

சினிமாவுக்கு வருவோம். போன்ஸ்லே குடும்பத்தின் சிவாஜி போய் சில நூற்றாண்டு கழித்து, இன்னொரு மராட்டிய வீட்டில் 1950-இல் ஒரு சிவாஜி ராவ் பிறந்தார். இவர் வாள் பிடிக்கவில்லை, டிக்கெட் கிழித்தார். பெங்களூர் பஸ் கண்டக்டர் மெட்ராஸ் போய் ரஜினிகாந்த் ஆனார். அவர் படம் ரிலீஸ் என்றால் சேஷாத்ரிபுரம் நட்ராஜ் தியேட்டர் வாசலில் கட்-அவுட்டுக்குப் பாலாபிஷேகம். மராட்டியரை, கன்னட ஊரில், தமிழர்கள் பாலால் குளிப்பாட்டும் காட்சியை எந்த அரசியல் விஞ்ஞானி விளக்குவார்?

எல்லாமே சிரிப்பாக இருந்ததில்லை. 1991 டிசம்பரில் காவிரி இடைக்கால உத்தரவு அரசிதழில் வந்ததும் தமிழர் குடியிருப்புகளில் வீடும் கடையும் எரிந்தன. அதைப் பற்றி நகைச்சுவையாக எழுத எனக்கு வராது. அதே வருடம் அல்சூர் ஏரிக்கரையில் நிறுத்திய திருவள்ளுவர் சிலையைத் துணி போட்டு மூடிவைத்தார்கள். இரண்டே அடியில் எல்லாவற்றையும் சொன்னவர், பதினெட்டு வருடம் ஓரடியும் சொல்லாமல் நின்றார். 2009 ஆகஸ்டில் திறந்தார்கள். பதிலுக்குச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் வந்தார். அவர் மூன்றடிக்காரர். இரண்டைக் கொடுத்து மூன்றை வாங்கியிருக்கிறோம். ஏகோஜியைவிட நமக்கு வியாபாரம் தெரியும்.

ஆடி மாதம் வந்தால் நம்ம பேட்டை மாரியம்மன் கோயிலில் கூழ் உண்டு. வருவதென்றால் பச்சை லைன் மெட்ரோவில் வாருங்கள். மெஜஸ்டிக்கில் ஏறி பீன்யா பக்கம் போனால் இரண்டாவது ஸ்டேஷன் ஸ்ரீராம்புரம். மந்திரி மாலுக்கு அடுத்தது.