சுருதி மாமாவின் வார இறுதி

சுருதி மாமா கச்சேரியில் முன்வரிசையில் உட்கார மாட்டார். ஓரத்து நாற்காலி, ஸ்பீக்கரிலிருந்து பத்தடி தள்ளி. அங்கே உட்கார்ந்தால்தான் சுருதி காதில் நியாயமாக விழுமாம். பாட்டு ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் கண் மூடும், புருவம் சுருங்கும், தலை இடவலமாக ஆடும். மனிதர் ரசிக்கிறார் என்று பக்கத்தில் இருப்பவர் நினைத்தால், அவர் தில்லிக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர். பழையவர்களுக்கு அடுத்து வரப்போவது தெரியும்.

"ஒரு மயிரிழை எறங்கியிருக்கு. கவனிச்சியோ?"

இல்லை என்றால் நாம் செவிடு. ஆமாம் என்றால், "எங்கே? மத்யமத்திலயா, நிஷாதத்திலயா?" என்று வைவா ஆரம்பமாகும். தணிக்கைத் துறையில் ஆட்சேபம் எழுதியே ஓய்வு பெற்றவர். ஃபைல் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. மயூர் விஹாரில் அவர் காதுக்குத் தப்பிய ஓசை கிடையாது. மெட்ரோக் கதவு மூடும் ஓசை, குக்கர் விசில், எங்கள் பாக்கெட் என்னும் குடியிருப்புத் தொகுதிக்குள் வரும் பழைய சாமான்காரன் குரல் எல்லாவற்றுக்கும் கட்டை சொல்லியிருக்கிறார். குருவாயூரப்பன் கோயிலில் செண்டை மேளத்துக்குச் சுருதி பார்த்த ஒரே மனிதர் இவராகத்தான் இருக்க வேண்டும்.

முன்பெல்லாம் பாடகர்களைத்தான் பிடிப்பார். கச்சேரி முடிந்ததும் மேடைக்கருகே போய், "பிரமாதம்! ஆனா அந்தத் தார ஷட்ஜம்…" என்று இழுப்பார். ஒரு பெண் பாடகி தம்பூராவை அவர் பக்கம் நகர்த்தி, "மாமா, நீங்களே ஒரு தடவை பிடிச்சுக் காட்டுங்கோ, கத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மாமா கட்சி மாறினார். வாய்ப்பாட்டு, வயலின், வீணை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, வாயில் கருவி வைத்திருப்பவர்களாகப் பார்த்துத் தேட ஆரம்பித்தார். ஊதுகிறவன் பதில் பேச முடியாது பாருங்கள். கும்பாபிஷேகத்துக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த நாகஸ்வரக்காரர் மல்லாரி வாசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் காதருகே குனிந்து, "சீவாளி திருவாவடுதுறையா? கொஞ்சம் ஈரம் ஜாஸ்தி" என்றார். அந்த மனிதர் கண்ணாலேயே கும்பிட்டார். மாமா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

இப்படிப் பகைவர் இல்லாமல் ஆண்டுகொண்டிருந்த மாமாவுக்கு ஒரு நவம்பர் இரவில் வினோத் நகர்ப் பக்கம் சோதனை வந்தது. அந்தப் பக்கம் கட்வாலிக் குடும்பங்கள் நிறைய. கல்யாண ஊர்வலம் ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு வந்தது. குதிரைமேல் மாப்பிள்ளை, அவருக்கு முன்னால் மஷக்பீன் ஊதிக்கொண்டு இரண்டு பேர். ஸ்காட்லாந்துப் பட்டாளம் பாவாடை கட்டிக்கொண்டு ஊதுமே, அதே பைக்குழல்தான். கட்வால் ரைபிள்ஸ் 1887-இல் உண்டான படை. பட்டாளத்தில் ஊதக் கற்றவர்கள் அந்த வித்தையை ஊருக்குக் கொண்டுபோக, மலை கிராமத்துக் கல்யாணத்தில் அது ஒட்டிக்கொண்டுவிட்டது. மலையிலிருந்து யமுனைக்கரைக்குக் குடிவந்தவர்கள் அதையும் கூடவே கூட்டி வந்துவிட்டார்கள்.

மாமா ஊர்வலத்துக்குள் புகுந்தார். நாற்பது வருஷத் தில்லியில் கும்பகோணம் மாறாத ஹிந்தியில், "பாய் சாப், ஆப்கா சுருதி நீச்சே ஹை!" என்று மூத்த குழல்காரரின் கட்டைவிரலருகே விரலை நீட்டினார். வழக்கப்படி அந்த மனிதர் கண்ணால் கும்பிட்டிருக்க வேண்டும். நரைத்த மீசை, கழுத்துவரை பித்தளைப் பொத்தான். அவர் நிதானமாக ஊதுகுழாயிலிருந்து வாயை எடுத்தார். முழங்கை பையை ஒரு அமுக்கு அமுக்கியது. பாட்டு நிற்கவில்லை.

"பாபூஜி, டண்ட் இஸே பீ லக்தி ஹை."

குளிர் இதுக்கும்தான் அடிக்கிறது. சொல்லிவிட்டு மறுபடி குழாயைக் கவ்விக்கொண்டார். ஒரு தாளம்கூடத் தப்பவில்லை. மாப்பிள்ளையின் அத்தை ஆடிக்கொண்டே மாமாவை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனாள்.

அதுதான் அந்த வாத்தியத்தின் சூட்சுமம். ஊதிய காற்று பைக்குள் தங்கும், திரும்பி வராமல் உள்ளே ஒரு மூடி தடுக்கும், சில விநாடிக்குக் கை அமுக்கினாலே போதும். வாய் ஓய்வெடுக்கலாம், மூச்சு வாங்கலாம், வேண்டுமானால் பாபூஜிக்குப் பதிலும் சொல்லலாம். கிழவர் சொன்ன காரணமும் அப்பட்டமான உண்மை. குழல் சூடானால் சுருதி ஏறும், ஆறினால் இறங்கும். கதகதப்பான இடத்தில் சேர்த்துக்கொண்டு தில்லிக் குளிரில் தெருவுக்கு வந்தால் இறங்காமல் என்ன செய்யும்?

மாமா அன்று வீடு வரை பேசவில்லை. கூடப் போயிருந்த நானும் நிம்மதியாக வந்தேன். அந்த நிம்மதி நிலைக்கவில்லை. காயப்படுவார் என்று பார்த்தால் காதலில் விழுந்துவிட்டார். மறுவாரமே என்னைக் காரோட்ட வைத்து மீரட் ஜாலி கோட்டிக்குப் போனார். பாண்டு வாத்தியங்களுக்கு வடநாட்டில் பேர்போன கடைத்தெரு அது. அங்கே நடந்ததை எழுதினால் கடைக்காரர்கள் மனம் புண்படும், விடுங்கள். ஒரு பயிற்சிக் குழலோடு திரும்பினோம். எக்ஸ்பிரஸ்வே முழுக்க அதை மடியில் வைத்துக்கொண்டு எனக்குப் பாடம். "மூணு நீளக் குழாய் தோள்மேல நிக்கறதே, ரெண்டு சின்னது ஒண்ணு பெரிசு, மூணும் ஷட்ஜம்தான். சின்னது கீழ் ஸ்தாயி, பெரிசு அதுக்கும் கீழே. நம்ம ஒத்துதான், வேற என்ன? வாசிக்கற குழல்ல மொத்தமே ஒம்போது ஸ்வரம். கீழே கைசிகி நிஷாதம் ஒண்ணு, அப்பறம் ஸ-வுல ஆரம்பிச்சு மேல் ஸ வரைக்கும். வரிசையா ஊதிப் பாரு. ஹரிகாம்போதி! வெள்ளைக்காரன் ஹரிகாம்போதியைப் பையில போட்டு வச்சிருக்கான்!"

அது சரிதான், நானும் பிறகு கேட்டுப் பார்த்தேன். நடுவில் நிறுத்த முடியாத வாத்தியம் என்பதால் ஒரே ஸ்வரத்தை இருமுறை ஊத வேண்டுமானால் இடையில் வேறு ஸ்வரத்தைச் சொடுக்கித்தான் பிரிக்க வேண்டும். மாமா அதை கமகம் என்றார். கட்டை என்ன என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "ஆறரைக்குக் கொஞ்சம் மேல. ஆனா ஏழு இல்லை" என்று சொல்லிவிட்டு, அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதை அக்ஷர்தாம் வரும்வரை விளக்கினார். மாமாவுக்கு ஒத்து ஊத ஒரு ஆள் எப்போதும் வேண்டும். எங்கள் பாக்கெட்டில் அந்த உத்தியோகம் எனக்கு.

டிசம்பர் வந்தது. சென்னை சீசனுக்குப் போக முடியாத தில்லித் தமிழர்கள் மார்கழியில் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருப்பார்கள். மாமா கூடுதல். நமக்கு மார்கழி என்றால் வடக்கே அது கர்மாஸ். சூரியன் தனுசில் இருக்கும் வரை, பொங்கல் வரை, அவர்களுக்குக் கல்யாணம் கிடையாது. அதாவது, மயிலாப்பூரில் வித்வான்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டு கச்சேரி இருக்கும் அதே மாதத்தில் வினோத் நகர் பாண்டுக்காரர்களுக்கு வேலை இல்லை. மாமா கணக்குப் போட்டார். அந்த மீசைக்காரரையும் இன்னும் மூன்று குழல்காரர்களையும் ஒரு டோல்காரரையும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் சொசைட்டி ஹாலுக்கு வரவழைத்தார். 'சங்கீத் ஷிவிர்' என்று நோட்டீஸ் போர்டில் ஏ4 தாள். 9 மணி முதல் 9.30 வரை சுருதி சேர்த்தல். பிறகு பாட்டு.

9.30 என்பது சாயங்காலம் நாலு மணி வரை நீண்டது. நாலு பை, பைக்கு மூன்று சுருதிக் குழாய், ஆக பன்னிரண்டு. குழாயின் இணைப்பை இழுத்தால் சுருதி இறங்கும், உள்ளே தள்ளினால் ஏறும். வாசிக்கும் குழலில் ஒரு துளை சுருதி ஏறிப் பேசினால் அதன் மேல்விளிம்பில் கொஞ்சம் டேப் ஒட்ட வேண்டும். மாமா கையில் போன், போனில் முள் ஆடும் ஆப், பல்லிடுக்கில் டேப். அறைக்கு ஒரே ஹீட்டர். அதை முதல் ஆள் பக்கம் திருப்பிச் சேர்ப்பார், இரண்டாம் ஆள் பக்கம் திருப்பிச் சேர்ப்பார். நாலாவது பை சேர்ந்து முடிக்கும்போது முதல் பை ஆறிப்போயிருக்கும். "ஃபிர் ஸே!" என்பார் மாமா. டோல்காரர் மதியத்துக்கு முன்பே தூங்கிவிட்டார். அவருக்குச் சுருதிக் கவலை இல்லை, பாக்கியவான்.

மாமாவை மட்டும் பைத்தியம் என்று சொல்லிவிட முடியாது. கிளாஸ்கோவில் ஆகஸ்டில் நடக்கும் பைக்குழல் உலகப் போட்டிக்கு வரும் குழுக்கள் போட்டிக் களத்தில் ஊதுவது சில நிமிஷம்தான், அதற்கு முன்னால் புல்வெளியில் வட்டமாக நின்று சுருதி சேர்ப்பது அதைவிடப் பல மடங்கு நேரம். ஜனவரி 29-ஆம் தேதி விஜய் சௌக்கில் படைகள் பாசறை திரும்பும் விழாவில் குழல்காரர்கள் ஒரே மூச்சாக ஒலிக்கிறார்கள் என்றால், முந்தைய நாட்களில் யாரோ ஒரு மேஜர் மாமா அவர்கள் உயிரை வாங்கியிருக்கிறார் என்று அர்த்தம்.

நாலரைக்கு ஒரு விஷயம் நடந்தது. பன்னிரண்டு குழாயும் தற்செயலாகச் சேர்ந்துகொண்டன. தனித்தனியாக எதுவும் கேட்கவில்லை; ஹாலின் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, என் உள்ளங்காலில் தரை ரீங்கரித்தது. மாமா போனைப் பார்க்கவில்லை. டேப் பல்லிலேயே இருந்தது. தலை ஆடவில்லை. அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. கண்டுபிடிக்க ஒரு குறையும் இல்லாத மனிதர் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறார். "இதுக்குத்தாண்டா" என்றார். ஒரு நிமிஷம் இருக்கலாம். பிறகு முதல் பை ஆறியது.

இது வரைக்கும் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். மிச்சத்தை அப்படி எழுத முடியவில்லை. இரண்டு நாள் அந்த ஐந்து பேருக்கும் கிடைத்தது டீ, மெதுவடை, ஞாயிறு மதியம் தயிர்சாதம். வேலை இல்லாத மாதத்தில் இருக்கும் மனிதர்கள். "சன்மானம் ஏதாவது…" என்று சனிக்கிழமையே மெதுவாகக் கேட்டேன். "என்னப்பா, சங்கீதத்தைக் காசாக்கறே?" என்றார். ஊதுகிறவர்களிடம் நம்மவர்களுக்கு இந்தப் புத்தி நிறையவே உண்டு. சபாக்களில் மங்கள இசை என்று காலையில் நாகஸ்வரம் வைப்பார்கள், கூட்டம் கேண்டீனில் இருக்கும். ராஜவாத்தியம் என்று மேடையில் புகழ்வோம், ராஜாவுக்கு டிக்கெட் வாங்கியவர் ஹாலில் பத்துப் பேர் இருக்க மாட்டார்கள். சுருதி சரியில்லை என்று சொல்ல மட்டும் காது இருக்கிறது. கொடுப்பதற்குக் கை வராது. மாமாவின் பென்ஷன் எவ்வளவு என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அதற்கு வருமான வரி ரிடர்ன் போடுவதும் நான்தான்.

ஞாயிறு சாயங்காலம் சொசைட்டிக்காரர்கள் பத்திருபது பேர் வந்து உட்கார்ந்தார்கள். மாமா ஹரிகாம்போதியைப் பற்றி ஒரு முன்னுரை நிகழ்த்தினார். முடித்துவிட்டுக் கையைத் தூக்கினார். மீசைக்காரர் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டார், ஊதவில்லை. பையை அமுக்கவும் இல்லை. இந்த முறை வாய் காலியாகவே இருந்தது.

"பாபூஜி, பெஹ்லே பைஸா."

முதலில் காசு. கோபமே இல்லாத குரல். ஒருவர் போனில் க்யூஆர் கோடைத் திறந்து நீட்டினார். அது எப்போதிலிருந்து தயாராக இருந்ததோ. மாமா ஹாலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு பழக்கம் மாறாமல் என்னைப் பார்த்தார்.

"உங்கிட்ட ஜிபே இருக்கோ?"

ஐந்து பேருக்கு இரண்டு நாள் கணக்குப் போட்டு அனுப்பினேன். மாமா இன்னும் திருப்பித் தரவில்லை, இதைப் படித்தால் ஞாபகம் வரட்டும். க்யூஆர் நீட்டியவரின் போன் 'ட்ரிங்' என்று ஒலித்ததும் குழல்காரர்கள் பையை நிரப்ப ஆரம்பித்தார்கள். மாமா என் பக்கம் சாய்ந்தார். கண் மூடியிருந்தது, புருவம் சுருங்கியிருந்தது.

"அந்த ட்ரிங் கொஞ்சம் ஏத்தமா இல்லை?"